உன் படத்தப் பத்தி இப்ப சொல்றேன்

டேய் கண்ணா,

சாப்டியா, தூங்கினியான்னு கேட்டு இத ஆரம்பிக்கப் போறதில்ல. அதெல்லாம் போன்ல கேட்டுக்கினுதான் இருக்கேன். நீயும் "ம்", "ஆச்சு", "அப்புறம் பேசறேன்"னு அளந்து அளந்து பதில் சொல்லிக்கினுதான் இருக்க. வர்ற எல்லாப் படத்துக்கும் வாய் கிழியப் பேசற அம்மா, உன் படத்துக்கு மட்டும் வாயத் தெறக்கலன்னு உனக்குக் கோபம். நியாயமான கோபம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அடுத்த வாரம் நீ ரெண்டாவது படத்துக்கு ஐதராபாத் கெளம்பற. பெரிய ஹீரோ, பெரிய பட்ஜெட்டு. அந்தக் கோபத்தயும் மூட்டையில வெச்சிக் கட்டிக்கினு நீ வண்டி ஏறக் கூடாது. அதனாலதான் தறிய விட்டு எழுந்து வந்து எழுதறேன். எழுதி முடிச்சதும் நம்ம யூடியூப் சேனல்லயும் இதப் போடப் போறேன், எல்லாரும் படிக்கட்டும். நம்ம வீட்ல என்னைக்குடா ரகசியம்னு ஒண்ணு இருந்திருக்குது?

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், என்ன விமர்சகி ஆக்கினதே நீதான். நான் பாட்டுக்கு உங்கப்பாவோட தறியில கரைப் பக்கம் உக்காந்துக்கினு இருந்தேன். உடம்பும் கரையும் தனித்தனியா ஓட்டிக் கோக்கற கோர்வைப் பொடவைன்னா ஒருத்தரால ஆகிற வேலை இல்ல. நூலு சுத்தின நாடா உடம்புக்கு ஒண்ணு, கரைக்கு ஒண்ணு, அவரு போட்டா நான் வாங்கித் திருப்பணும். கண்ண அப்படி இப்படி எடுக்க முடியாது. அதனால நம்ம பிள்ளையார்பாளையத்துல தறிக்காரங்க முக்கால்வாசிப் பேரு படத்தக் காதாலதான் பாக்கறோம். போனை ஓரமா சாய்ச்சி வெச்சி, ஓடிடில ஒரு படத்தப் போட்டுட்டா போதும், கண்ணு பட்டுல, காது படத்துல. வெறும் வெட்டுக்குத்துப் படம்னா எங்களுக்கு டொம்மு டொம்முன்னு சத்தம் மட்டுந்தான், எவன் எவனக் கொன்னான்னே தெரியாது. ரெண்டு பேரு ஒழுங்கா பேசிக்கிற படம்னா, திரும்பிக்கூடப் பாக்காம அழுதிருக்கோம். வெள்ளிக்கிழமை ஆனா நம்ம தெருப் பொம்பளைங்க குரூப்புல "புதுசா வந்துக்கிற படத்துக்குப் போலாமா, வேணாமா?"ன்னு கேப்பாங்க. நான் மேட்னி பாத்துட்டு வந்து வாய்ஸ் மெசேஜ் போடுவேன். காலேஜ் படிச்சிக்கினு இருந்த நீ அதக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்ச. தறி மரத்துல போனைக் கட்டி, "மா, இங்க பாத்துப் பேசு"ன்னு சொல்லி, யூடியூப்ல ஏத்திவிட்டதும் நீதான். மொதல் வீடியோவுக்கு வந்த மொதல் கமெண்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. "ஆன்ட்டி, உங்களுக்கு மைக் எதுக்கு?"

அதுக்கு நான் என்ன பண்றது? தறி ஓடற வீட்ல பொறந்தேன், தறி ஓடற வீட்டுக்கே வாக்கப்பட்டேன். டக்கு டக்குன்னு ஓடிக்கினே இருக்கிற சத்தத்துக்கு மேல பேசினாத்தான் அடுத்த ஆளுக்குக் கேக்கும். "தண்ணி குடு"ங்கிறதயே சண்ட மாதிரிதான் சொல்வோம். நீ மெட்ராஸுக்குப் போன புதுசுல ரூம்ல இருந்த பசங்க உன்ன "சவுண்ட் சர்வீஸ்"னு கூப்ட்டாங்கன்னு சொல்லி வருத்தப்பட்ட. கொஞ்ச நாள்ல நீயும் பூனை மாதிரி பேசக் கத்துக்கின. லீவுக்கு வந்தப்ப நீ பேசினது உங்கப்பாவுக்குக் கேக்காம, "இன்னாடா, ஜுரமா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாரே, ஞாபகம் இருக்குதா?

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் விமர்சனம் பண்ண ஆரம்பிச்சதுலேருந்து எனக்குன்னு சில பிடிவாதம் வெச்சிருக்கேன், அது உனக்குத் தெரியும். ஓசி பாஸ் வாங்க மாட்டேன். முன்கூட்டியே படம் காட்றேன்னு கூப்ட்டா போக மாட்டேன். படம் எடுக்கிறவங்க யாரு கேட்டாலும், வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். இதெல்லாம் இருக்கிறதுனாலதான் நான் சத்தமா பேச முடியுது. பேரன் எடுக்கிற வயசுல ஹீரோ காலேஜுக்கு பை மாட்டிக்கினு போறாருன்னா கேப்பேன். கதை பாதியில நிக்கறப்ப "மீதி ரெண்டாம் பாகத்துல"ன்னு போட்டா, பாதிப் பொடவைய அறுத்துக் குடுத்தா நீ வாங்கிக்குவியாடான்னு கேப்பேன். டிரெய்லர்லயே முழுக் கதையும் சொல்லிட்டு, தியேட்டர்ல வந்து சஸ்பென்ஸுன்னா கேப்பேன். ரீல்ஸுல ஆடறதுக்குன்னே ஒரு பாட்டு, அதுல ஒரு இடுப்பு ஸ்டெப்பு, அந்தப் பாட்டு முடிஞ்சதும் ஹீரோயின் எங்க போனான்னு தெரியாது. ஒரு படத்துல நான் தேடிக்கினே இருந்தேன், கடைசில குரூப் போட்டோவுலதான் வந்தா. இதுல பேக்ரவுண்ட் மியூசிக் வேற. வசனத்த முழுங்கிடுது. நாங்களாவது தறி ஓடறதுனால கத்தறோம், இவங்க எந்தத் தறிக்குப் பக்கத்துல உக்காந்து மியூசிக் போட்றாங்கன்னு தெரியல. இதெல்லாம் சொல்லிட்டு, நல்ல படம் வந்தா கொண்டாடாம இருந்திருக்கேனா? ஒரு ரயிலு பெட்டியில ரெண்டு கெழவங்க பேசிக்கினே போற ஒரு சின்னப் படம் வந்துதே, அத நான் சொன்னதுக்கப்புறம் நம்ம தெருவே கேட்டு, மூணு நாளைக்கு அந்தக் கெழவங்க மாதிரியே பேசிக்கினு திரிஞ்சாங்க.

அப்படி இருக்கிறப்பத்தான் உன் போன் வந்துது. படம் முடிச்சாச்சு, ரிலீஸுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்குது. கதை ஒரு வரியில எனக்குத் தெரியும். தறிக்கார வீட்டுப் பொண்ணு ஒண்ணு, தன் காதல ரகசியமா வெச்சிக்கப் பாக்குது, ஆனா வீட்ல ஒருத்தருக்கும் குசுகுசுன்னு பேசவே வராது. தயாரிப்பாளர் பாத்துட்டு, "என்னப்பா எல்லாரும் கத்துறாங்க? நடிகருங்கள மறுபடியும் டப்பிங்குக்குக் கூப்ட்டு மெதுவா பேச வெச்சிடு, மேல மியூசிக் போட்டு நெரப்பிக்கலாம்"னு சொல்லிட்டாரு. "நான் இன்னாமா பண்ணட்டும்?"னு கேட்ட. நான், "படம் வரட்டும், பாத்துட்டு சொல்றேன்"னேன். நீ, "ஊர்ல இருக்கிறவன் படத்துக்கெல்லாம் உனக்கு வாய் இருக்குது, பெத்த புள்ள படத்துக்கு மட்டும் இல்லையாமா?"ன்னு கேட்டுட்டு போனை வெச்சிட்ட.

டேய், அன்னைக்கு நான் பட்ட பாடு உங்கப்பாவக் கேளு. "ஒருத்தன் பேச்சும் கேக்காதடா"ன்னு கத்தணும்னு தொண்ட வரைக்கும் வந்துது. கையில நாடா நிக்கல, ரெண்டு தடவ இழை அறுந்துது. "பேசிடேன், ஏன் இப்படி வேகற?"ன்னாரு அவரு. நான் பேசல. நான் சொல்லி நீ செஞ்சிருந்தா அது அம்மா சொன்ன படம். நாளைக்கு ஐதராபாத்துல ஒரு ஹீரோ உன்ன மாத்தச் சொல்றப்ப, அங்கயும் எனக்குப் போன் பண்ணிக்கினு நிப்பியா? நீயா நிக்கிறியா, சாயிறியான்னு பாக்கணும்னு இருந்தேன். கல்லு மனசுன்னு நீ நெனச்சிருப்ப. நெனச்சிக்கோ, பரவால்ல. எனக்கு அதுல வருத்தமே இல்ல.

படம் வெள்ளிக்கிழமை வந்துது, ஒரு கத்தலும் கொறையாமலே. மெட்ராஸுல அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிட்டானுங்க. ஒருத்தன் வீடியோ மேல காதுல பஞ்சு வெச்சிக்கின மாதிரி போட்டோ, கீழ "தலைவலி மாத்திர எடுத்துக்கினு போங்க"ன்னு எழுத்து. இன்னொருத்தன் "சீரியல் மாமியாருங்க எல்லாரையும் ஒரே வீட்ல போட்டு அடச்சிட்டாங்க"ன்னான். மீம் வேற. நம்ம சேனல் பாக்கறவங்க நாலு பேரு எனக்கே அனுப்பினாங்க, இது என் புள்ள படம்னு தெரியாமலே. சனி, ஞாயிறு மால்ல சீட்டெல்லாம் காலி. நம்ம ஊருல ஒரே ஒரு தியேட்டர்லதான் போட்டாங்க, அதுலயும் மேட்னி மட்டும். வியாழக்கிழமையோட தூக்கிட்டு, வெள்ளிக்கிழமை பெரிய படம் போடப் போறோம்னு தியேட்டர்காரரு சொல்லிட்டாரு. நீ எனக்குப் போன் பண்ணல. நானும் மொதல் நாள் போகல. எந்தப் படத்துக்கும் தனியாப் போயி நடு சீட்டுல உக்கார்ற பொம்பள, உன் படத்துக்குத் தனியாப் போக தைரியம் இல்லாம வீட்ல கெடந்தேன். அவ்ளோதான் காரணம். பயம்டா. நல்லா இல்லன்னா நான் நல்லா இல்லன்னுதான் சொல்லியாகணும், அந்த பயம்.

ஆனா உன் தயாரிப்பாளருக்கும் தெரியாத, மீம் போட்டவனுக்கும் தெரியாத ஒண்ணு இருந்துது. விமர்சனத்துக்குப் போற என்ன விடு, மத்தபடி நெசவாளி வெள்ளிக்கிழமை படத்துக்குப் போவானா? கல்யாண சீசன்ல தறிய விட்டு எழுந்திருக்க முடியுமா? எங்களுக்கு ஞாயித்துக்கெழமையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு. அந்த வாரம் அமாவாசை புதன்கிழமை வந்துது.

புதன்கிழமை காலையில குளிச்சி, படையல் போட்டு, காக்காவுக்குச் சோறு வெச்சி, சாப்ட்டு முடிச்சதும் தெருவே கெளம்பிச்சு, உங்கப்பாவும்தான். நான் யாரையும் கூப்புடல, சத்தியமா கூப்புடல. எதிர் வீட்டு வசந்தா தான் வாசல்ல நின்னுக்கினு, "இன்னாக்கா, நம்மள மாதிரி கத்தறாங்களாமே, போயி பாத்துட்டு வரலாம் வா"ன்னு கூப்ட்டா. தியேட்டர் வாசல்ல போயி நின்னா, ஷேர் ஆட்டோ ஆட்டோவா ஜனம் எறங்குது. வாலாஜாபாத்துலேருந்துகூட வந்திருந்தாங்க. டிக்கெட் குடுக்கிற தம்பி எட்டிப் பாத்துட்டு, "இன்னைக்கு யாருக்காவது பொறந்த நாளா?"ன்னு கேட்டான். ஹவுஸ்ஃபுல்லு போர்டு எங்க வெச்சோம்னு அவனுங்களே தேடினானுங்க, தெரியுமா?

படம் ஆரம்பிச்சி கொஞ்ச நேரத்துல, அந்தப் பொண்ணோட அம்மா "யாருக்கும் சொல்லாத"ன்னு ரகசியம் சொல்ற சீன் வந்துது பாரு. அவ சொல்றது மாடியில இருக்கிறவனுக்குக் கேக்குது, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, தெருமுனை டீக்கடைக்காரன் அங்கேருந்தே "மாப்ள எந்த ஊரு?"ன்னு கேக்கறான். தியேட்டரு இடிஞ்சிது. வசந்தா சிரிச்சி சிரிச்சி என் தோள்மேல விழுந்துட்டா. "அய்யோ, எங்க வீடு! அப்படியே எங்க வீடு!"ன்னு பின்னாடி ஒரு அம்மா கத்தறாங்க. மெட்ராஸுல தலைவலின்னாங்களே, அந்தச் சத்தத்துக்கு நம்ம ஜனம் எழுந்து நின்னு விசில் அடிக்குது. நான் விமர்சனத்துக்குக் குறிப்பு எடுக்கலாம்னு நெனச்சிக்கினு போனேன், எங்க எடுக்கிறது?

அப்புறம் அந்த சீன். விஷயம் தெரிஞ்சி அப்பாவும் பொண்ணும் பேசிக்கிறதில்ல. ஆனா தறியில கோர்வைப் பொடவை, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தே ஆகணும். அவரு நாடா போட்றாரு, அவ வாங்கித் திருப்பறா. மொறச்சிக்கினே போட்றாரு, மொறச்சிக்கினே திருப்பறா. பேச்சு மட்டும் அம்மா வழியா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தல். திடீர்னு அவரு தறிய நிறுத்தறாரு. மியூசிக் இல்ல, ஒண்ணும் இல்ல. தலைய நிமிர்த்தாம, படம் முழுக்க இல்லாத ஒரு சின்னக் கொரல்ல கேக்கறாரு: "அந்தப் புள்ள உன்ன நல்லா பாத்துக்குமா, மா?"

தியேட்டர்ல எவனோ ஒருத்தன் சிப்ஸ் பாக்கெட்ட நொறுக்கினான், அதுக்கு நாலு பேரு, "டேய், வாய மூட்றா!"ன்னு கத்தினாங்க, அவ்ளோதான். நான் பக்கத்துல திரும்பினேன். உங்கப்பா துண்ட வாயில வெச்சி அழுத்திக்கினு இருந்தாரு. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். கேம்பஸ்ல கெடச்ச வேலைய விட்டுட்டு சினிமாவுக்குப் போறேன்னு நீ நின்னப்ப, அவரு உன்கிட்ட நேராப் பேசாம என் வழியா எவ்ளோ கத்தினாரு! "உன் புள்ளகிட்ட சொல்லு, சோத்துக்கு லாட்டரி அடிப்பான்னு சொல்லு!" நீயும் "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு!"ன்னு கத்தின. ஒரு நாள் தறிய நிறுத்திட்டு, தலைய நிமிர்த்தாம, "அங்க சாப்பாட்டுக்கு இன்னாடா பண்ணுவ?"ன்னு கேட்டாரே. நீ எழுந்து வெளிய ஓடிட்ட. நீ அத மறந்துட்டன்னு நாங்க நெனச்சோம். நீ அத எடுத்துக்கினு போயி இத்தன வருஷம் வெச்சிருந்து, ஊரு பாக்க வெளிச்சத்துல நிறுத்திட்ட. படம் முடிஞ்சி வெளிய வந்தப்ப அவரு கண்ணத் தொடச்சிக்கினே, "நம்மள மாட்டி விட்டுட்டான் பாரு, படவா"ன்னு சிரிச்சாரு. அன்னைக்கு டீக்கடையில எல்லாருக்கும் அவர்தான் டீ வாங்கிக் குடுத்தாரு.

மிச்சத்த நீ பாத்துட்ட. தியேட்டர்காரரு வியாழக்கிழமை படத்தத் தூக்கல. பெரிய படத்துக்கு ஒரு ஷோவக் கொறச்சிட்டு உன் படத்துக்கு ரெண்டு சேத்தாரு. பட்டு நெய்யற ஆரணியிலயும் போட்டாங்க. நம்ம ஜனம் விசில் அடிக்கிறத எவனோ போன்ல எடுத்துப் போட, மெட்ராஸுல மால்லயும் திரும்ப சீட்டு நெரம்பிச்சு. தலைவலி மாத்திர சொன்னவன் இருக்கான் பாரு, அவன் "மறுபடியும் பாத்தேன், மன்னிச்சிடுங்க"ன்னு வீடியோ போட்டான். காதுல பஞ்சு இல்ல. அம்மா சொல்லித்தான் ஓடிச்சுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாதுன்னுதான் நான் இது வரைக்கும் வாயத் தெறக்கல. ஜெயிச்சிட்ட கண்ணா! கத்தியே ஜெயிச்சிட்ட! எனக்கு மனசு நெறஞ்சி போச்சு, அத இங்க எழுதாம எங்க எழுதறது?

இரு, இரு, மாலைய கழுத்துலயே வெச்சிக்கினு நிக்காத. இது விமர்சனம், கொறையும் வரும். ரெண்டாவது பாதியில பாண்டிச்சேரி பீச்சுல ஒரு பாட்டு, அது எதுக்கு? அந்தப் பொண்ணு பொடவை முடிக்கணும்னு உயிர விட்டுக்கினு இருக்கறப்ப, பீச்சுல இன்னா வேலை? அந்தப் பாட்டு வந்ததும் வசந்தா போண்டா வாங்கப் போயிட்டா, வரப்ப பாட்டு இன்னும் முடியல. ஹீரோவோட சிநேகிதன் காமெடிய பாதியா வெட்டு. அப்புறம் அந்த அம்மா அடுப்பங்கரையில பட்டுப் பொடவை கட்டிக்கினு சாம்பார் வெக்கறா. நம்ம வீட்ல பொறந்துட்டு நீ இத எடுக்கலாமா? நான் என்னைக்குடா பட்டு கட்டிக்கினு அடுப்புகிட்ட போனேன்?

இப்ப நீ போற எடத்துக்குச் சொல்றேன். அந்த ஹீரோ ஸ்லோமோஷன்ல நடந்து வரணும்பாரு. நடக்கட்டும், பாவம், அவரு ரசிகருங்களும் டிக்கெட் எடுத்துட்டுத்தானே வர்றாங்க. பத்து பேர அடிக்கணும்பாரு, அடிக்கட்டும். ஆனா அடிச்சி முடிச்சி வீட்டுக்கு வந்தா அவர ஒருத்தர் கேள்வி கேக்கணும், அவரு பதில் தெரியாம நிக்கணும். அவரோட அம்மாவ போட்டோவுல மாலையோட தொங்க விட்டுடாத. உயிரோட வை, அவளுக்கு ஒரு வேலை குடு, வாய் குடு. சத்தம் வேணும்னா போடு, ஆனா எதுக்காகப் போட்றன்னு தெரிஞ்சி போடு. நீ அத ஒரு தடவ செஞ்சி காட்டிட்ட. கத்திக்கினே இருந்ததுனாலதான் அந்த ஒரு சின்னக் கொரல் எங்களுக்கு நெஞ்சுல எறங்கிச்சு. அன்னைக்கு மெதுவா டப்பிங் பண்ணியிருந்தா அது போயிருக்கும். உனக்கு யாரும் சொல்லித் தரல, நான்கூட சொல்லித் தரல. நீயா நின்ன. அதுக்கோசரம்தான்டா நான் அன்னைக்கு வாய மூடிக்கினு இருந்தேன்.

இன்னைக்கு உன் படத்துக்கு விமர்சனம் ரெக்கார்ட் பண்ணி சேனல்ல ஏத்திட்டேன். எல்லாப் படத்துக்கும் பேசற மாதிரியேதான் பேசினேன். பீச்சுப் பாட்டயும் திட்டினேன், பட்டுப் பொடவைய இன்னும் நல்லாவே திட்டினேன். கடைசில வழக்கம் போல "போலாம்!"னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினேன். அதுக்கப்புறம் ஒரு வரி இருக்குது. அதச் சொல்றப்ப உங்கப்பா தறிய நிறுத்திட்டாரு. எனக்குக் கொரலே வரல. கமெண்டுல இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க, "அம்மா, கடைசில இன்னா சொன்னீங்க, கேக்கல", "அம்மா, மைக் போச்சா?"ன்னு. நீ இயர்போன் போட்டுக் கேளு, கேக்கும். "இது என் புள்ள எடுத்த படம்"னு சொல்லியிருக்கேன்.